கப்பலிலிருந்து இறங்கிய கவிஞர்

ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் கட்டடத்துக்கு ஒரே ஒரு சலவை அறை. துவைப்பதில் எனக்கு அடுத்த முறை மேல்மாடி ஈரானியருக்கு. என் உடுப்பு காய்ந்து முடியும்வரை அவரும் வந்து நிற்பார். மனைவி இறந்து, மகளும் வேலைக்காக ஜெனீவா போன பிறகு, வீட்டுப் பக்கம் நான் வாய் திறந்து கதைக்கிற ஆள் அவர்தான். அதுவும் ஜெர்மனில். இருவருடைய ஜெர்மனும் உடைந்தது. நல்ல காலம், வேறு வேறு இடங்களில் உடைந்தது.

மகளின் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. ரயில் ஏறினால் நெஞ்சு அடைக்கும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, குதிரையின் இதயம் என்றார். அந்தக் குதிரை ரயில் சுரங்கப்பாதையைக் கண்டால் மிரளும் என்பது படத்தில் விழவில்லைபோல.

ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு மகள் கூப்பிட்டிருப்பதைச் சொன்னதும், ஈரானியர் மேலே போய் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். பல நூற்றாண்டுக்கு முந்திய பாரசீகக் கவிஞராம். பெரிய படிப்பாளி, அவர்களுடைய வேதம் முழுவதும் மனப்பாடமாம். மனதில் ஒன்றை நினைத்துப் புத்தகத்தைத் திறந்தால், விரிந்த பக்கத்துப் பாட்டுத்தான் பதில்.

திறந்தேன். அவர் வாசித்துச் சொன்னார். மது இருந்தது, ஒருத்தியின் கூந்தல் இருந்தது, ரயில் இல்லை. மறுபடி திறந்தேன். மூன்றாம் முறை கை நீட்டியபோது புத்தகத்தை மூடிவிட்டார்.

"ஒரு கேள்விக்கு ஒருமுறைதான். நச்சரித்தால் கவிஞருக்குக் கோபம் வரும்."

கோயிலில் பூக்கட்டிப் பார்த்தால், நினைத்த நிறம் வரும்வரை பொட்டலத்தைப் பிரிக்கிறவன் நான். எனக்கு எப்படித் தெரியும்?

என் முகத்தைப் பார்த்து இரங்கியிருக்க வேண்டும். "இவரும் உங்களைப் போலத்தான்," என்றார். தக்காணத்து ராஜா ஒருவர் அழைத்தாராம். கவிஞர் கப்பலும் ஏறிவிட்டாராம். புயல் அடித்ததும் பயந்து இறங்கி, வீட்டுக்குப் போய், தனக்குப் பதிலாக ஒரு பாட்டை அனுப்பினாராம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவ்வளவு படித்த மனிதருக்கே நெஞ்சு அடைத்திருக்கிறது! நானும் போன முறை நடுவழியில் ஃப்ரிபூர்க்கில் இறங்கித் திரும்பி, மகளுக்கு முறுக்குப் பார்சல் அனுப்பியவன்தானே.

"ராஜா என்ன செய்தார்?"

"பாட்டைப் படித்திருப்பார்," என்றபடி அவர் தன் உடுப்புகளை இயந்திரத்துக்குள் திணித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினேன். ஃப்ரிபூர்க்கில் இறங்கினேன். தொலைபேசி அடித்தது.

"அப்பா, எங்க நிக்கிறியள்?"

"ஃப்ரிபூர்க்கில. சும்மா, காத்து வாங்க."

"திரும்பவும் இறங்கிட்டியளோ?"

"ஓம். இங்க குந்தியிருக்க வடிவான வாங்கு ஒண்டு இருக்கு. போன முறையும் இதிலதான் இருந்தனான். என்னைக் கண்டதும் அதுக்கும் சந்தோஷம்."

மகள் சிரிக்கவில்லை.

"அப்பா, நீங்கள் அனுப்பின முறுக்கு இன்னும் கிடக்கு. தனிய இருந்து எவ்வளவத்தான் தின்னுறது?"

 அவளுடைய அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது. "போனை வை பிள்ளை," என்றேன்.

கதை சொல்கிறவர்கள் எல்லோரும் கவிஞரோடு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த ராஜா எத்தனை தரம் ஆள் அனுப்பித் துறைமுகத்தைப் பார்த்துவரச் சொன்னார் என்று ஒருவரும் சொல்வதில்லை.

அடுத்த ரயில் வந்தது. வாங்கிடம் சொல்லிக்கொள்ளாமல் ஏறினேன். இருக்கையில் உட்காரத் துணிவில்லை, கதவருகிலேயே நின்றேன். வழியில் லோசானில் கதவு திறந்தபோது கால் தானாக இறங்கப் பார்த்தது. இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்தேன். இறங்குகிறவர்கள், "பார்டோன், மிஸ்யூ," என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டபடி என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

கதவு மூடியது. ஜன்னல் முழுக்க ஏரித் தண்ணீர், ஜெனீவா வரைக்கும்.