ரஞ்சிதம் டீச்சர் கேட்ட தமிழ்ச் சொல்

ரஞ்சிதம் டீச்சர் காலமான செய்தி பள்ளிக்கூடத் தொலைபேசியில் வந்தது. வகுப்பில் இருந்த என்னை எழுத்தர் வந்து கூப்பிட்டார். பேசியவர் அவருடைய வீட்டுக்காரர் தாவீது அண்ணன். "கோமதி டீச்சர், அவ போயிட்டாம்மா. விடியக்காலம், மதுரை ஆஸ்பத்திரியில," என்றார். டீச்சருடைய சிறுநீரகங்கள் ஓய்ந்துவருவது எங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தும் மதிய மணி அடிக்கும்வரை நான் தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு எழவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பெண்கள் பள்ளியில் உயிரியல் படித்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனவர். அவர் தன் உடம்போடும், தன் நோயை நம்பாதவர்களோடும் நடத்திய போராட்டம் பக்கத்தில் இருந்த சிலருக்கு மட்டுமே தெரியும். அதே பள்ளியின் தமிழாசிரியையான நான் அவர்களில் ஒருத்தி.

எண்பதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை, அவரால் எழுந்திருக்க முடியவில்லை என்று தாவீது அண்ணன் சொல்லியனுப்பினார். நான் ராஜபாளையம் போனபோது கட்டிலில் கிடந்தார். கை கால்கள் போட்டது போட்டபடி கிடந்தன. முகமும் பேச்சும் மட்டும் எப்போதும் போல. அதற்கு முன் இரண்டு முறை இப்படி வந்து தானாகவே சரியாகியிருந்தது. மனக்கவலை என்று சொல்லி ஒரு மருத்துவர் தூக்க மாத்திரை கொடுத்திருந்தார். இந்த முறை பக்கத்து வீட்டார் பக்கவாதம் என்றார்கள்.

"பக்கவாதம்னா ஒரு பக்கம்தான போகணும்? எனக்கு நாலும் போயிருக்கு. கிள்ளுனா வலிக்குது, புத்தி தெளிவா இருக்கு," என்றார் டீச்சர். "புஸ்தகத்துல பாத்து வச்சிருக்கேன். பொட்டாசியம் கொறஞ்சா இப்படி ஆவும். கவலைன்னு இன்னொருத்தர் சொல்லிக் கேக்க மாட்டேன். காரக் கூப்பிடுங்க."

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் இளம் மருத்துவர் ஈசிஜி எடுத்தார். தாளைப் பார்த்தவர் முகம் மாறியது. "அவங்க சொன்னது சரிதான். இன்னும் கொறஞ்சா மூச்சு விடுற தசையும் நின்னுரும்," என்று மருந்தை ஏற்றத் தொடங்கி, அப்படியே மதுரைக்கு அனுப்பினார். சிறுநீரகம் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்காமல் வெளியே விட்டுவிடுகிறது என்று அங்கே கண்டுபிடித்தார்கள். வாழ்நாள் முழுக்க மருந்து. குமட்டுகிற உப்புக் கரிப்பில் ஒரு திரவம்.

மறுபடி நடமாடத் தொடங்கி, பள்ளிக்குத் திரும்பினார். ஆனால் தாளாளர் அவரைக் கூப்பிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகள் முன்னால் விழுந்துவிட்டால் பள்ளிக்குப் பெயர் கெடும் என்பது அவர் கவலை. ஆசிரியர் கூட்டத்தில் தன் நோயை விளக்க அனுமதி வாங்கிக்கொண்டு டீச்சர் நேரே என்னிடம் வந்தார்.

"ஹைப்பர்போலரைசேஷன்னு இங்கிலீஷ்ல சொன்னா தாளாளர் பயந்துருவாரு. தமிழ்ல ஒரு சொல்லு குடுங்க."

"முதல்ல எனக்குப் புரியட்டும்," என்றேன்.

"செல்லுக்கு உள்ள எப்பவும் கொஞ்சம் மைனஸ். வெளிய பொட்டாசியம் கொறஞ்சா, உள்ள இருக்கது கூடுதலா வெளிய கசியும். உள்ள இன்னும் மைனஸாயிரும். நரம்பு உத்தரவு போடுது, தசைக்கும் வந்து சேருது. ஆனா வேலை தொடங்குற மட்டத்துக்கு அதால ஏற முடியல. கிணத்துல தண்ணி கீழ எறங்கிட்டா பழைய கயிறு எட்டாதுல்லா? கயித்து மேல குத்தமில்ல."

"மிகைமுனைவாக்கம்," என்றேன்.

"மிகைன்னா என்னமோ கூடிப்போச்சுன்னு நெனப்பாவ. எனக்குக் கொறஞ்சுல்லா போச்சு?"

"மைனஸ் கூடிப்போச்சுல்லா?"

டீச்சர் அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். "சரி. அதையே வச்சுக்கிடுவோம்."

கூட்டத்தில் கரும்பலகையில் ஒரு செல்லை வரைந்து, அந்தச் சொல்லைக் கீழே எழுதி, வகுப்பெடுப்பது போலவே விளக்கினார். தாளாளர் கடைசிவரை கேட்டார். "எல்லாம் சரிம்மா, விழுந்துட்டா?"

"மாசாமாசம் ரத்தம் பாத்து உங்க கிட்டயே காட்டுதேன். வகுப்புல ஒரு தடவ விழுந்தா நானே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

ஓய்வு பெறும் நாள்வரை அவர் வகுப்பில் விழவில்லை.

மம்சாபுரத்து மாணவி ஒருத்தி அழுதுகொண்டு வந்த நாளையும் மறக்க முடியாது. அவள் அம்மாவுக்கு வாந்தியும் பேதியும் போய், பிறகு கை கால் அசையவில்லை. வேலைக்குப் போக மனமில்லாமல் நடிக்கிறாள் என்று வீட்டில் ஏசினார்களாம். டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனார். அந்தப் பெண்ணின் கையைத் தூக்கி, அவள் முகத்துக்கு நேரே பிடித்து, சட்டென்று கைவிட்டார். கை அப்படியே விழுந்தது. முகத்தில் படும் முன் டீச்சர் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார்.

"நடிக்கவளா இருந்தா மூஞ்சியக் காப்பாத்தியிருப்பா," என்றார் அவளுடைய மாமியாரிடம். "வண்டிக்குச் சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லுதேன்."

வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் பொட்டாசியம் ஏற்றியதும் அந்தப் பெண் பிழைத்து, தன் காலால் நடந்து வீடு வந்தாள்.

ஓய்வுக்குப் பிறகும் அறிவியல் இதழ்களை அவர் விடவில்லை. ஒருநாள், ஸ்கேன் எடுக்கும் துறையிலும் ஹைப்பர்போலரைசேஷன் என்ற அதே இங்கிலீஷ் சொல் இருப்பதாகச் சொல்ல வந்தார். ஒரு வாயுவின் அணுக்கருக்களை லேசர் ஒளியால் ஒரே திசையில் நிற்க வைத்துச் சுவாசிக்கச் செய்தால், நுரையீரல் படத்தில் பளிச்சென்று தெரியுமாம். "ஸ்கேன்ல காந்தம், செல்லுல மின்சாரம். ரெண்டுக்கும் ஒரே பேருன்னா பிள்ளைக கொழம்பும். இதுக்கு வேற சொல்லு யோசிங்க," என்றார். யோசித்தேன். எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான்.

கடைசியாக மதுரையில் அவரைப் பார்க்கப் போனபோது ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். சில மாதங்களாக என் விரல்கள் மரத்துப்போகின்றன, சாக்பீஸ் நழுவுகிறது. உரிக்கத் திணறியதைக் கவனித்துவிட்டார்.

"என்ன அது?"

"வயசாவுதுல்லா டீச்சர்."

"யாரு, டாக்டரு சொன்னாரா?"

"வீட்டுல சொன்னாவ."

தலையணையிலிருந்து தலையைத் தூக்க முயன்றார். "அழுதா ஆறுதல் சொல்லுவாவ. அளந்தாத்தான் வைத்தியம் பாப்பாவ. போயி அளக்கச் சொல்லுங்க."

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இந்தப் பிடிவாதத்தை. நாளைக் காலை மதுரைக்குப் பஸ் ஏறுகிறேன். விரல்களுக்கு என்ன என்று தெரியாமல் திரும்புவதாக இல்லை.