அப்பாவின் பெயர் வருமுன் நிறுத்தப்பட்ட தேர்வு

2011 மார்ச் 7 அன்று, டெலானிபூரிலுள்ள நீலக்கரைப் பயண நிறுவனத்தில், பிரெஞ்சு வழிகாட்டி வேலைக்கான என் வாய்மொழித் தேர்வு இரண்டாம் வாக்கியத்தோடு நிறுத்தப்பட்டது. ஆயினும் முழுத் தேர்விலும் நான் தோற்றதாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இதுவே என் குற்றச்சாட்டு. அந்தக் கடிதத்தில் "மொழி கற்ற பின்னணி தெரியவில்லை" என்றும் இருக்கிறது. தெரியாதிருந்தால் முழுதாகக் கேட்டிருக்கலாம். முழுதும் கேட்காததால் நானே எழுதுகிறேன்.

என் பெயர் சுகுணா. இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம் எங்களுடையது. அங்கே விடியற்காலையில் பிரட்டு நடக்கும். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள்; குரல் கொடுத்தவருக்கே அன்று வேலை. என் அப்பா ஒச்சப்பன் ஒருநாளும் குரல் கொடுக்கத் தவறியதில்லை. சுனாமியன்று கடலோரம் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

நானும் தங்கை உதயாவும் நிவாரண முகாமிலிருந்து புரோத்ராபூருக்கு வந்தோம். பாராடாங் தீவுக்குப் போகும் சுற்றுலா வேனில் காலைச் சாப்பாடு பரிமாறும் வேலை எனக்குக் கிடைத்தது. முகாமில் குடிநீர் சுத்திகரிக்க வந்திருந்த பிரெஞ்சுப் பெண்மணி விட்டுச்சென்ற பாடப்புத்தகமும் ஒலிநாடாவும் என்னிடம் இருந்தன. நான் எதையும் எறிவதில்லை.

பிரெஞ்சின் ஒழுங்கு வினைகளில் அடிச்சொல் அசையாமல் நிற்கிறது. ஆளுக்கேற்ப வால் மட்டும் மாறுகிறது. நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்று வரிசை போகிறது. இது பிரட்டுதான் என்று எனக்குப் பட்டது. அரிசி களைந்தபடி தினமும் கூப்பிட்டேன். 'ஜெ த்ராவாய்', நான் வேலை செய்கிறேன். 'த்யூ த்ராவாய்', நீ வேலை செய்கிறாய், அது உதயா. 'இல் த்ராவாய்', அவர் வேலை செய்கிறார், அது அப்பா.

உதயாவுக்குப் பொறுக்கவில்லை. "செத்தவர எதுக்குக்கா வேலைக்கு அனுப்புற?"

"பேர வெட்டுற வரைக்கும் ஆளு பிரட்டுலதான்டி. அப்பா பேர யாரு வெட்டினா?"



உச்சரிப்புதான் பாடாய்ப் படுத்தியது. எழுதியதையெல்லாம் ஒலிக்கும் நம் பழக்கத்தில், கடைசி எழுத்துகளையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜிர்காடாங் சோதனைச்சாவடியில், காட்டுவழியே வண்டிகளை வரிசையாக அனுப்பும் கான்வாய் புறப்படக் காத்துக் கிடந்த ஒரு காலையில், பிரெஞ்சுப் பயணி ஒருவர் சிரித்துக்கொண்டே என் பாடப்புத்தகத்தில் அந்த எழுத்துகளை விரலால் மறைத்துக் காட்டினார். ஓட்டுநர் நாகலிங்கம் எட்டிப் பார்த்தார்.

"அரே அக்கா, எழுதியிருக்கு, சத்தமே வராதா?"

"வராது."

"அப்ப அதெல்லாம் சர்க்காரி ஸ்டாஃப்பு. சீட்டுல இருக்கும், காம் பண்ணாது, ஒரு வேலையும் செய்யாது."

'த்யூ' சொல்ல உதட்டைக் குவித்து 'இ' என்று ஒலிக்க வேண்டும். 'ர' தொண்டையில் உரச வேண்டும். "மீன்முள்ளு மாட்டிக்கிச்சா அக்கா?" என்று நாகலிங்கம் கண்ணாடியில் பார்த்துக் கேட்பார். முள் இறங்கியது, பயணிகள் என்னோடு பேசத் தொடங்கினார்கள்.

பிறகுதான் நீலக்கரையின் விளம்பரம் வந்தது: "பேச்சுத் திறன் மட்டுமே சோதிக்கப்படும்." செய்தித்தாள் நறுக்கை இணைத்துள்ளேன். மேலாளர் ஹரிஹரன் கேட்டதும் அதே 'வேலை செய்' என்ற வினைதான். நிமிர்ந்து உட்கார்ந்து, 'ஜெ', 'த்யூ' என்று என்னையும் உதயாவையும் கூப்பிட்டேன். அவர் கையை உயர்த்தினார்.

"எங்க படிச்சீங்கம்மா? மெயின்லேண்ட்லயா?"

"கேசட்டுல சார். அப்புறம் கான்வாய் லைன்ல."

"அப்ப கேசட்டயே வேலைக்கு வெச்சுக்கலாமே!"

"கேசட்டு பாராடாங் படகுல ஏறாது சார். நான் ஏறுவேன். மிச்சத்தையும் கேளுங்க."

"போதும்மா. நெக்ஸ்ட்!"

பிரட்டைப் பாதியில் நிறுத்தும் வழக்கம் எங்கள் தோட்டத்தில் இல்லை. மழை கொட்டினாலும் கடைசிப் பெயர்வரை கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிறகு குரல் வரவில்லையென்றால் அது வேறு. கூப்பிடாமலே ஒருவரை வரவில்லை என்று எழுத அங்கே எந்தக் கங்காணியும் துணிந்ததில்லை. மேலாளர் கை உயர்த்திய இடத்தில் அடுத்து வரவேண்டியவர் என் அப்பா.

நான் இரக்கம் கோரவில்லை. நான் சொல்லாத வாக்கியங்களைக் கேட்டு முடிவு எழுதியவர் யார்? விட்ட இடத்திலிருந்து என்னைக் கேட்கப் போகும் நாள் எது? தொலைபேசியில் வரும் சமாதானத்தை ஏற்கமாட்டேன். இரண்டுக்கும் நிறுவனம் கையொப்பமிட்ட எழுத்துமூலப் பதில் வேண்டும்.