கணக்கில் வராத செட்

இங்கிலாந்தில் எங்கள் ஊர் கிரிம்ஸ்பியில் லோர்னா ஸ்கெல்டன் யார் என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். மீதிப் பேர், "அந்த வீல்சேர் பொம்பளையா? பாவம்!" என்பார்கள். அந்தப் 'பாவம்' காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீல்சேர் டென்னிஸில் உலகத்திலேயே ஒன்பதாவது இடத்தில் இருந்தவளுக்கு என்னய்யா பாவம்?

நான் ரெஜ். மீன் சந்தைக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருந்தவன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் லோர்னா தன் வீல்சேர் சக்கரத்தில் காற்று இறங்கிப்போய் என் கடைக்கு வந்தாள். ஒட்டிக் கொடுத்தேன். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல பிரெட் வாங்கப் போகலாம். டென்னிஸ் ஆட முடியாது. மறுபடியும் பாரு" என்றாள். அன்றைக்குப் பிடித்த சனி, இன்னும் விடவில்லை. கடையை மூடிய பிறகு அவளுக்கு வேன் ஓட்டுவது, சக்கரம் பார்ப்பது, திட்டு வாங்குவது எல்லாம் நான்தான்.

இருபத்திரண்டு வயதில் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போய் விழுந்தவள். ஓட்டியவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆறு மாதம் ஆஸ்பத்திரிக்கு வந்தான், அப்புறம் வரவில்லை. இப்போது நாற்பத்தொன்று. ஆடின காலத்தில் வருஷத்தில் முக்கால்வாசி ஏதாவது ஓர் ஊர் ஓட்டலில் கிடப்பாள். வீட்டுக்குத் திரும்பினால் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் முதலில் டிவியைப் போடுவாள். என்ன ஓடுகிறது என்று பார்க்கமாட்டாள். வீட்டில் மனுஷக் குரல் கேட்கணும், அவ்வளவுதான்.

வருஷக் கடைசியில் ஒரு பெரிய போட்டி உண்டு. உலகத்தில் முதல் எட்டுப் பேர் மட்டும் ஆடுவது; தோற்றாலும் ஆளுக்கு மூன்று ஆட்டம் உண்டு. லோர்னா மூன்று வருஷமாக ஒன்பதாவது. போன வருஷம் இலையுதிர்காலம் முழுக்க அவளையும் பிரிஜெட்டையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தேன். பிரிஜெட், லெஸ்டர்க்காரி, அவளும் வீல்சேர்தான். பதினொரு வருஷமாக இரட்டையர் ஆட்டத்தில் லோர்னாவின் ஜோடி, ஓட்டலில் ஒரே அறை. கடைசிப் போட்டி முடிந்து பட்டியல் வந்தபோது பிரிஜெட் எட்டாவது, லோர்னா மறுபடியும் ஒன்பதாவது.

"இதோட போதும் ரெஜ். தோள் ரெண்டும் போச்சு. அடுத்த வருஷம் நான் இல்ல" என்றாள் வேனில். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

ஒன்பதாவதாக வந்தவள் மாற்று ஆள். எட்டில் ஒருத்தி விலகினால் உள்ளே போகலாம். அதற்கு ஒரு வேலை உண்டு. தினமும் காலை ஒன்பதுக்குள் அரங்க அலுவலகத்துக்கு நேரில் போய்த் தாளில் கையெழுத்துப் போடணும். போடாவிட்டால் அன்றைக்கு அவள் இல்லாத மாதிரிதான். ஒரே ஓர் ஆட்டம், அந்தப் பெரிய அரங்கில். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பர்மிங்காம் பக்கம் அந்த அரங்கில் இரண்டு நாள் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளை உடுப்பு, மடியில் இரண்டு மட்டை, கதவோரம். மாற்று ஆள் பக்கத்தில் உட்காருவது ராசியில்லை என்று ஆடுகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை. எல்லாரும் கேலியாகத்தான் சொல்வார்கள். "என் தோளைப் பாக்காதே லோர்னா, கண்ணு பட்டுடும்!" அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு அவர்கள் போய்விடுவார்கள், சாப்பாட்டு மேஜையில் அவள் பக்கத்து இடங்கள் காலியாக இருக்கும்.

பிரிஜெட்டுக்கு உண்மையிலேயே வலது தோள் மோசம். காலையில் டேப் ஒட்டிக் கட்டினால்தான் கை தூக்க முடியும். அதை யார் கட்டியது தெரியுமா? லோர்னா! பதினொரு வருஷப் பழக்கம். வேறு யார் கட்டினாலும் பிரிஜெட்டுக்குச் சரிப்படாது. டேப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு லோர்னா கட்டுவதைக் கதவு வழியாகப் பார்த்தேன்.

"இறுக்கிக் கட்டுடி."

"கட்டாம? நீ தோத்தா என் பேரு கெடும்."

வெளி வராந்தாவில் லோர்னாவைத் தனியாகப் பிடித்தேன். "ஏ லூசு, கொஞ்சம் தளர்த்திக் கட்டேன். நீதான உள்ள போவே?"

முறைத்துவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது அவளாகவே சொன்னாள்: "எனக்கும் தோணாம இல்ல கெழவா. டெய்லி தோணுது. அதான் இன்னும் இறுக்கிக் கட்டறேன்."

முதல் நாள் பிரிஜெட் தோற்றாள். இரண்டாம் நாளும் தோற்றாள். மூன்றாவது ஆட்டம் டச்சுக்காரி மாரித்தோடு. உலகத்தில் முதலிடம் அவளுக்கு.

மூன்றாம் நாள் காலை ஓட்டலில் முட்டையும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லோர்னா வந்தாள். "எட்டரை ஆச்சு. கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்."

என் வாய் சும்மா இருந்ததா? "எதுக்கு? பிரிஜெட் கைய வீசிட்டுத் திரியறா, இப்பத்தான் பாத்தேன். ரெண்டு நாளா ஒரு வாய் சூடாத் தின்னியா நீ? உக்காரு."

கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள்தான் காலையில் பிரிஜெட்டின் தோளைக் கட்டியிருந்தாள், அது தாங்கும் என்று அவளுக்கும் தெரியும். மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தினாள். என் இரண்டாவது முட்டையை அவள் தட்டில் வைத்தேன்.

ஒன்பதேகால் இருக்கும். பிரிஜெட் விறுவிறுவென்று சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"என்னடி தின்னுட்டிருக்கே? போ, ரெடியாகு! நான் விலகிட்டேன். தோள் முடியலன்னு போன்ல சொல்லியாச்சு."

"முடியலையா? காலைல..."

"முடியும் முடியாம போகும், அத விடு. ரெண்டு தோத்தாச்சு, இதுல ஜெயிச்சாலும் நான் வெளியதான். நீ ஆடு. முன்னாடியே சொன்னா என்னைக் கொன்னுருப்பே, கையெழுத்தும் போட்டிருக்கமாட்டே, அதான் ஒன்பது அடிக்கட்டும்னு காத்திருந்தேன்."

லோர்னா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரிஜெட்டின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "கையெழுத்துப் போட்டேல்ல?"

அலுவலகத்துக்கு ஓடினேன். கத்தினேன், மேஜையைத் தட்டினேன், அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணின் தேநீர் தளும்பி தாளெல்லாம் நனைந்தது. அவள் என்ன செய்வாள்? தாளில் பெயர் இல்லை. தப்பு அவளுடையதும் இல்லை, லோர்னாவுடையதும் இல்லை. அந்தக் காலையில் பசியைப் பற்றிப் பேசியவன் நான்.

கடைசியில் மாரித் தானாகவே லோர்னாவிடம் வந்தாள். "ஜனங்க வந்து உக்காந்திருக்காங்க. சும்மா ஒரு செட் ஆடலாமா? கணக்குல வராது."

லோர்னா தலையாட்டினாள்.

ஒலிபெருக்கியில் அதையே சொன்னார்கள், இது காட்சி ஆட்டம், முடிவு சேராது என்று. அப்புறம் ஆடினாள் பாருங்கள்! தோள் போனவளா அவள்? வீல்சேர் ஆட்டத்தில் பந்து இரண்டு தடவை எழும்பலாம், அவள் அதுவரை காத்திருக்கவே இல்லை, முதல் தடவையிலேயே பாய்ந்து பாய்ந்து அடித்தாள். ஐந்துக்கு ஐந்து இருந்தபோது மாரித் மட்டையைத் தரையில் ஓங்கி அடித்தாள். அவள் விட்டுக்கொடுத்தாள் என்று சொல்கிறவன் என் முன்னால் வரட்டும். ஏழு-ஐந்து. லோர்னா ஜெயித்தாள். கூட்டம் கைதட்டியது. பிரிஜெட் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதாள்.

வெளியே பலகையில் அன்றைய முடிவுகளை ஒட்டியிருந்தார்கள். பிரிஜெட் விலகல், மாரித் வெற்றி. லோர்னாவின் பெயர் எங்கேயும் இல்லை. அவள் அதை இரண்டு தடவை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வேன் லிங்கனைத் தாண்டியது. வேகத்தைக் குறைத்தேன். "என்னை மன்னிச்சிரு லோர்னா."

ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். வெளியே பார்த்தபடியே, "முட்டை நல்லாத்தான் இருந்துச்சு கெழவா" என்றாள்.

அதற்கப்புறம் அவள் ஆடவில்லை. பிரிஜெட் வேறொருத்தியோடு ஜோடி சேர்ந்துவிட்டாள். தோளை இப்போது யார் கட்டுகிறார்களோ. லோர்னா மீன் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்கிறவர்களிடம் ஒரு தடவை அந்த செட்டைப் பற்றிச் சொன்னாளாம். ஒருத்தன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒண்ணும் இல்லையே" என்றானாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்குப் போன் வரும். பின்னால் டிவி சத்தம் கேட்கும்.

"ஏழு-அஞ்சுதானே ரெஜ்?"

"ஏழு-அஞ்சு."

"நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்மா."

"சரி" என்று வைத்துவிடுவாள்.