பிள்ளைக்காம்பராச் சுவரில் எழுதிய வயது

டீச்சரம்மாவின் கீழ் உதட்டில் எப்போதும் ஓர் ஊதாக் கறை இருக்கும். நாக்கில் தொட்டு எழுதினால் மை போலப் பதியும் பென்சில் ஒன்று அந்தக் காலத்தில் கண்டிக் கடைகளில் கிடைத்தது. எழுதுவதற்கு முன் அதன் நுனியை வாயில் வைப்பார், யோசிக்கும்போதும் வைப்பார், யாராவது எதையாவது சொன்னால் கேட்டுக்கொண்டே வைப்பார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் நாங்கள் அவரை முதல்முதலாகப் பார்த்தபோது, டவுன் பொம்பளைகளுக்கு உதடே அந்த நிறம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். நான் ஒருபடி மேலே போய், என்ன தின்றால் அந்த நிறம் வரும் என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பென்சிலை என்னிடம் நீட்டி, "நீயே பாரு" என்றார். அன்று பொழுது சாயும்வரை நாக்கை நீட்டியபடி லயம் லயமாகத் திரிந்தேன்.

அவர் கண்டி டவுனில், மஹய்யாவயில், ஒரு கிளாக்கரின் மகள். வேதக்காரக் குடும்பம். வாரநாட்களில் டவுன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருந்தால் அதிகம். எங்களுக்கோ அவர் பெரிய மனுஷி. விறகுக் கட்டோடு டவுனுக்கு இறங்கி வரும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்து, "இதுங்க எப்பதான் வெளையாடும்?" என்று ஒருநாள் வீட்டில் கேட்டாராம். யாருக்கும் பதில் தெரியவில்லையாம். ஆகவே பார்த்துவிடுவோம் என்று ஏறி வந்தார். அவருடைய நல்ல காரியங்கள் எல்லாமே இப்படி ஒரு கேள்வியில்தான் தொடங்கின. கெட்டதாய் முடிந்த ஒன்றும் அப்படித்தான் தொடங்கியது.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைப் பிடித்து, அவர் வழியாகத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் பிள்ளைக்காம்பராவைத் திறந்துவிடுவதாக ஏற்பாடு. மற்ற நாட்களில் வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் நீளமான அறை அது. ஞாயிற்றுக்கிழமை தொட்டில் துணிகளெல்லாம் சுருட்டி மேலே செருகிக் கிடக்கும். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பந்தும் கயிறும் பாட்டும். அதற்கு மேலே உள்ளவர்களுக்கு எழுத்து, ஊசி நூல், சிரங்குக்குச் சவுக்காரம் போட்டுக் கழுவும் முறை. திட்டம் நன்றாகத்தான் இருந்தது. முதல் ஞாயிறு பூசை முடிந்து, வெள்ளைச் சேலையோடு செம்மண் பாதையில் ஏறி வந்து, வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கொப்பியைத் திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டு, வரிசையில் நின்ற தாய்மாரிடம் கேட்டார்: "பேரு என்ன? வயசு எத்தனை?"

அந்தக் கேள்வி தோட்டத்தில் எப்படிக் கேட்கும் என்பது டவுனில் வளர்ந்தவருக்குத் தெரிய வழியில்லை. கொப்பியோடு உட்கார்ந்து ஒருவர் பேரும் வயதும் கேட்டால், அது வேலைக்குப் பேர் பதிகிறார்கள் என்றுதான் அர்த்தம். பத்து வயது தாண்டினால்தான் பதிவார்கள் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பேர் பதிந்தால் வேலை உண்டு, வேலை இருந்தால் அரிசி உண்டு. அதுவும் கணக்கப்பிள்ளை பக்கத்திலேயே வெற்றிலை மென்றுகொண்டு நிற்கிறார், வேறென்ன நினைப்பார்கள்? வரிசை முழுக்கப் பதினொன்றும் பன்னிரண்டுமாக விழுந்தது. பால்பல் விழுந்து ஓட்டை வாயோடு நின்றவனுக்குப் பதினொன்று. மூக்கைச் சிந்தத் தெரியாமல் தாயின் சேலையில் துடைத்தவளுக்குப் பன்னிரண்டு. என் முறை வந்தபோது அம்மா ஒரு கணமும் தயங்காமல், "குப்பம்மா, பன்னெண்டு" என்றாள். டீச்சரம்மா வயதை விட்டுவிட்டுப் பேரில்தான் நின்றார். "குப்பம்மாவா? நல்ல பேரு வேற இல்லியா?" என்று கேட்டார். அம்மா என் கையைப் பிடித்து வரிசையிலிருந்து விலக்கிக்கொண்டு போனாள்.

பட்டியலை முடித்துப் பார்த்தவருக்கு ஒரே ஆச்சரியம். "கணக்கப்பிள்ளை ஐயா, பத்து வருஷமா இந்தத் தோட்டத்துல பிள்ளையே பிறக்கலியா?" என்று கேட்டார். கணக்கப்பிள்ளையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் விஷயத்தைச் சொல்லவும் இல்லை. ஆக எல்லோரும் ஊசி நூல் வகுப்புக்குப் போனோம். அன்று பிள்ளைக்காம்பராவில் விரலைக் குத்திக்கொண்டு அழாதவர்கள் குறைவு.

அன்று டீச்சரம்மா புறப்படும்போது கணக்கப்பிள்ளை அந்தக் கொப்பியை மரியாதையாகக் கேட்டு வாங்கி ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். ஆள் குறைவாக இருந்த காலம். அந்த வாரமே மூன்று பேரைப் பிரட்டுக்கு வரச் சொன்னார்கள். அதில் நான் ஒருத்தி. அதிகாலைப் பனியில் பெரியவர்களோடு வரிசையில் நிற்கவைத்துப் பேர் கூப்பிடும் இடம்தான் பிரட்டுக்களம். பொய் சொல்வானேன், முதல் நாள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கையில் புல்லுச் சுரண்டியோடு நின்று, என் பேரைக் கூப்பிட்டதும் கத்திப் பதில் சொன்னேன். மூன்றாம் நாள் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து கால் வீங்கியிருந்தது. வேலை முடிந்து வந்தால் சோற்றுக்கு முன்னாலேயே தூங்கிவிடுவேன்.

அடுத்த ஞாயிறு என் கையைப் பார்த்துத்தான் டீச்சரம்மாவுக்கு விஷயம் புரிந்தது. அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நேராக எங்கள் லயத்துக்கு வந்தார். அப்பா காய்ச்சலில் விழுந்து ஆறேழு வாரமாகப் பாயை விட்டு எழும்பவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தாள். "இவளுக்கு உண்மையா எத்தனை வயசு? நான் கணக்கப்பிள்ளைகிட்ட மாத்திச் சொல்றேன்" என்றார் டீச்சரம்மா.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பாட்டுச் சொல்லிக் குடுப்பீங்க டீச்சரம்மா. அரிசி யாரு குடுப்பா? சொன்ன வயசு சொன்னதுதான்."

டீச்சரம்மா லயத்தை விட்டு இறங்கிக் கணக்கப்பிள்ளையிடம் போனார். அவர் கெட்டவர் இல்லை. அவர் பாடு அவருக்கு. "ஆத்தாக்காரி வாயால சொன்ன வயசும்மா. ஆத்தாக்காரி வாயாலயே மாத்திச் சொன்னா பேரை எடுத்துர்றேன்" என்றார். அதற்குமேல் வேறொருத்தியாக இருந்தால் கொப்பியைச் சுருட்டிக்கொண்டு டவுனுக்கே போயிருப்பாள். டீச்சரம்மாவுக்கோ இன்னொரு கேள்வி முளைத்துவிட்டது. பிறப்புப் பத்திரமும் இல்லை, தேதியும் தெரியாது. அப்படியென்றால் ஒரு பிள்ளையின் வயதை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

அடுத்த ஞாயிறு ஊசியும் இல்லை, நூலும் இல்லை. ஒரு கூடை அடுப்புக்கரி இருந்தது. பிள்ளைக்காம்பராவின் நீளச் சுவரில் வரிசையாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கோடும் ஒரு வருஷம் என்றார். "போய்க் கேட்டுட்டு வாங்க. நீங்க பிறந்தப்ப தோட்டத்துல என்ன நடந்துச்சு?" அவ்வளவுதான், பட்டியைத் திறந்துவிட்ட மாதிரி லயங்களுக்குள் பாய்ந்தோம். மலை சரிந்து மூணாம் நம்பர் லயத்தை மூடிய வருஷம், தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் புது எஞ்சின் வந்த வருஷம், காற்றில் கோயில் கூரை பறந்த வருஷம், துரையின் நாயைச் சிறுத்தை தூக்கிய வருஷம் என்று ஒவ்வொன்றாக வந்தது. எழுத்துத் தெரியாதவர்களுக்காக எல்லாவற்றையும் படமாக வரைந்தோம். சிறுத்தை பூனையைவிடச் சிறியதாக வந்துவிட்டது. நாயோ மாட்டைவிடப் பெரியது. அதுவரை வாசல் தூணில் சாய்ந்துகொண்டு எங்களைக் கேலி செய்த பதினாலு, பதினைந்து வயதுப் பையன்கள்கூட உள்ளே வந்து, கூரை பறந்தது முந்தியா எஞ்சின் வந்தது முந்தியா என்று சண்டை பிடித்தார்கள். இவர்களை உள்ளே வரவழைக்க டீச்சரம்மா பந்து காட்டியும் பார்த்திருந்தார், பாட்டுப் பாடியும் பார்த்திருந்தார், ஒன்றும் பலித்திருக்கவில்லை. சுவரில் வரையத் தொடங்கிய மூன்றாம் ஞாயிறு பெரியவர்களும் வந்து தங்கள் வயதைத் தேட ஆரம்பித்தார்கள். கணக்கப்பிள்ளை யாரும் பார்க்காத நேரத்தில் தனக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன்.

இதற்குள் என்னோடு பிரட்டுக்கு வந்த மற்ற இரண்டு பிள்ளைகளின் தாய்மாரும் வந்து உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய பேரை எடுத்தாயிற்று. என் விஷயம் மட்டும் விசித்திரமாக நின்றது. எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் கண் சரியாகத் தெரியாத கிழவர் ஒருவர் இருந்தார். அம்மா பேரைச் சொல்லி, "கருப்பாயி பெத்த பொட்டப்புள்ளையா? மலை சரிஞ்ச வருஷந்தான், நல்லா நெனவிருக்கு" என்றார். எங்களுக்கெல்லாம் பிரசவம் பார்த்த மருத்துவச்சியோ, "எஞ்சின் வந்த வருஷம், என் கையாலதான் எடுத்தேன்" என்றாள். மலை சரிந்து பன்னிரண்டு வருஷம். எஞ்சின் வந்து எட்டு வருஷம். எனக்கு ஒரே குஷி. இரண்டு தரம் பிறந்தவள் தோட்டத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? சுவரில் இரண்டு இடத்திலும் எனக்காகக் கோடு போடச் சொன்னேன். டீச்சரம்மா பென்சிலை வாயில் வைத்தபடி இரண்டுக்கும் நடுவில் இருந்த கோடுகளை எண்ணினார். பிறகு என்னை மருத்துவச்சியிடமே திருப்பி அனுப்பினார்.

மருத்துவச்சி என் மோவாயைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு எதுக்குக் குப்பம்மான்னு பேரு வச்சாங்கன்னு ஒங்க ஆத்தாளைப் போய்க் கேளு" என்றாள். நான் வந்து அதை அப்படியே ஒப்பித்தேன். முதலில் டீச்சரம்மாவுக்கும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு தாய்தான் மெதுவாகச் சொன்னாள்: முந்திய பிள்ளை தங்காமல் போனால், அடுத்ததைக் குப்பைமேட்டில் ஒருதரம் உருட்டி எடுத்து அந்தப் பேரை வைப்பார்கள், வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவானாம். நல்ல பேர் இல்லையா என்று அன்று வரிசையில் வைத்துக் கேட்டதை நினைத்திருக்க வேண்டும், டீச்சரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள் என்பது எனக்கும் அன்றுதான் தெரியும். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

டீச்சரம்மா அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. இனி இதைக் கேட்கக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஆனால் லயத்தில் எது மறைவாக இருக்கும்? அடுத்த ஞாயிறு அம்மா தானாகவே வந்தாள். பறிக்கும் எடைக்கு அன்றே கூலி தரும் கைக்காசுக் கொழுந்துக்குப் போகிற வழி. தலையில் கூடை கட்டியிருந்தாள். கணக்கப்பிள்ளையும் அங்கே இருந்தார். அம்மா சுவரின் ஒரு முனையிலிருந்து மெதுவாக நடந்தாள். சரிந்த மலையின் படம் வந்ததும் நின்று அதன்மேல் விரலை வைத்தாள். டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு முடிந்தது, நாளைக்கும் புல்லுக்குத்தான் என்று நானும் நினைத்தேன்.

"இது மூத்தவ" என்றாள் அம்மா. "மூணு வருஷந்தான் இருந்தா." விரலை எடுக்காமலே சுவரில் இழுத்துக்கொண்டு போய் எஞ்சின் படத்தில் நிறுத்தினாள். "இவ இங்க."

"பேரை எடுத்துட்டா இவ அரிசி நின்னுபோகும் கருப்பாயி" என்றார் கணக்கப்பிள்ளை.

"எடுத்துருங்க ஐயா."

டீச்சரம்மா, மூத்தவள் பேர் என்ன என்று கேட்டார். மீனாச்சி என்றாள் அம்மா. கரியால் அந்தப் பேரை மலைப் படத்தின் கீழே எழுதினார். எழுதி முடியும்வரை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். எழுத்துத் தெரியாதவள், ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தாள். வயதைக் கேட்டபோது அவள் வாயில் தயங்காமல் வந்த பன்னிரண்டு, புளுகிச் சொன்ன கணக்கு இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் அதை வருஷா வருஷம் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள்.

"இருந்திருந்தா இந்நேரம் அவளுக்குத்தான் பேரு பதிஞ்சிருப்பாங்க" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடியே. "சின்னவ வெளையாடிக்கிட்டு இருந்திருப்பா." பிறகு கூடையைச் சரிசெய்துகொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான் அதிகம். அரிசிக்குப் பதிலாக டீச்சரம்மாவால் எதுவும் தர முடியவில்லை. முடியும் என்று அவர் பாசாங்கு செய்யவும் இல்லை. கல்யாணமாகிப் போகும்வரை ஞாயிறு தவறாமல் வந்தார். புதிதாக ஒரு பிள்ளை வந்தால் கொப்பியைத் திறப்பதற்கு முன் தாயோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து கதைப்பார். வயதை மட்டும் கேட்கவே மாட்டார்.

இப்போது அங்கே முன்பள்ளி நடக்கிறது. போன மாதம் போயிருந்தேன். சுவருக்கு எத்தனையோ தரம் சுண்ணாம்பு அடித்தாயிற்று. இப்போது மஞ்சள் பெயின்ட். ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதியும் அட்டையில் எழுதி அழகாக ஒட்டியிருக்கிறார்கள். அங்கே இருந்த இளம் டீச்சர் பேச்சுவாக்கில் என் வயதைக் கேட்டாள். எழுபது என்றேன். கூடப்பிறந்தவர்கள் உண்டா என்றாள். ஒரு அக்கா என்றேன், அவளுக்கு எழுபத்துநாலு.