வேன் அக்கா கேட்ட கேள்விகள்

என் மகளுக்கு நான்கு வயது முடிந்தபோது ‘அது’, ‘இது’, ‘வேணும்’ என்ற மூன்று சொற்களை வைத்தே வீட்டில் காலம் ஓட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் மனைவிக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஆளுக்கொரு தொழிற்சாலையில் வேலை. கைப்பேசிதான் அவளுக்குத் துணை. காதைப் பரிசோதித்த மருத்துவர், குறையொன்றும் இல்லை, நிறையப் பேசுங்கள் என்றார். நான் படஅட்டைகள் வாங்கி வந்து, “இது என்ன? சொல்லு” என்று தினமும் கேட்டேன். அவள் வாயை இறுக்க மூடிக்கொள்வாள்.

அடுத்த ஆண்டு பாலர்பள்ளியில் சேர்த்தோம். எங்கள் அடுக்குமாடியில் பிள்ளைகளை ஏற்றிப்போக ஓர் அக்கா வேன் ஓட்டி வருவார். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். சில மாதங்கள் கழித்து, குளியலறையில் வாளியைப் பார்த்து என் மகள் சொன்னாள்: “அப்பா, தண்ணி நெரம்பி வழியுது.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “யாரும்மா சொல்லிக் குடுத்தா?”

“வேன் ஆண்ட்டி. மழையில லோங்காங் நெரம்பி வழிஞ்சிச்சு.” சாலையோரச் சாக்கடையைச் சொல்கிறாள்.

அந்த வாரமே ஒருநாள் விடுப்பு எடுத்து, வேனில் நானும் வரலாமா என்று கேட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே முன்னிருக்கையைக் காட்டினார்.

ஜெலுத்தோங் சாலையில் வழக்கமான நெரிசல். “லோரி!” என்று பின்னாலிருந்து ஒரு பையன் கத்தினான்.

“ஆமா, பெரிய லோரி. என்ன ஏத்திக்கிட்டுப் போவுது?”

“வாழப்பழம்!”

“பச்சையா இருக்கா, பழுத்திருக்கா?”

யாரும் பதில் சொல்லவில்லை. அக்காவும் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. போக்குவரத்து விளக்கு மாறி, வேன் நகர்ந்து, அந்த லோரியை நாங்கள் தாண்டியும் போனோம். அப்போதுதான் என் மகள் மெல்லச் சொன்னாள்: “பாதி பச்ச. பாதி மஞ்ச.” நானாக இருந்தால் அதற்குள் பதிலை நானே சொல்லியிருப்பேன்.

அடுத்த விளக்கில், பூட்டிய கதவு ஒன்றில் கையால் எழுதிய தமிழ்ப் பலகை தொங்கியது. “அது என்னா எழுத்து, யாராச்சும் படிங்களேன்” என்றார் அக்கா. பிள்ளைகள் முண்டியடித்தார்கள். “தை... ய... ல்... தையல்!”

“தையக் கடையா அது! எப்பவும் பூட்டியே கெடக்கும். நானும் என்னமோன்னு நெனச்சேன்.”

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பாராட்டுவதாக நினைத்துச் சொன்னேன்: “தெரியாத மாதிரி நல்லா நடிக்கிறீங்க அக்கா.”

அவர் தலையை அசைத்து மறுத்தார்.

“நடிப்பு இல்ல லா தம்பி. நான் மலாய் ஸ்கூல்ல படிச்சவ. தமிழ் பேசுவேன், படிக்கத் தெரியாது. மொத தடவ ஒரு புள்ள பலகையக் காட்டி என்னான்னு கேட்டப்ப வெக்கமா இருந்திச்சு. என்னா பண்றது, டீச்சர்கிட்ட கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லுன்னேன். மறுநாளு வந்து சொல்லிச்சே!”

ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்திலிருந்து ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் கோணல்மாணலாக எழுதிக் காட்டிய எழுத்துகள். அவற்றின் கீழே அவர் பென்சிலால் எழுதிப் பழகியவை. சில இடங்களில் அழித்து அழித்துத் தாளே கிழிந்திருந்தது.

தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். என் பிள்ளைக்குத் தெரிகிறதா என்று சோதிக்கவே இத்தனை நாள் கேள்வி கேட்டிருந்தேன். இந்த அக்கா உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல எனக்கு அந்தத் துணிச்சல் இருந்திருக்காது.

அன்றே அட்டைகளை எடுத்து வைத்துவிட்டேன். சமைக்கும்போது மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, வெங்காயத்தை உரிப்பதையும் நறுக்குவதையும் வதக்குவதையும் சொல்லிக்கொண்டே செய்தேன். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருந்தேன். காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது அவள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். மற்றப் பிள்ளைகளைவிடப் பேச்சு இன்னும் குறைவுதான். ஆனால் எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் விடுவதில்லை. போன தீபாவளிக்கு முந்தின நாள் பெற்றோர் குழுவில் அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. எப்போதும் குரல்பதிவுதான் அனுப்புவார். இது தமிழில் எழுதியது: ‘நாளை வேன் இல்லை. எல்லாருக்கும் தீபாவளி வாள்த்துகள்.’

மகள் கைப்பேசியைப் பிடுங்கி உரக்கப் படித்தாள். “அப்பா, ஆண்ட்டியே எழுதிட்டாங்க!” என்று வீடு முழுக்கக் குதித்தாள். பிறகு நின்று, திரையை மறுபடி உற்றுப் பார்த்தாள்.

“ஒரு எழுத்துதான் தப்பு. பரவால்ல, ஸ்கூல் தொறந்ததும் நான் சொல்லிக் குடுக்குறேன்.”