பூசைக்கு வைத்த சக்கர நாற்காலி

எனக்கு வரும் கனவுகளில் நான் நடப்பதே இல்லை. கனவிலாவது நடந்து தொலைக்கக் கூடாதா என்று விழித்ததும் எனக்கே எரிச்சல் வரும். உருண்டுதான் போகிறேன். எங்கள் மீனாட்சிபுரத்து வண்டித் தடம், இரண்டு பக்கமும் பனைமரங்கள், கணவாய்க் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது, பிரம்பு நாற்காலி சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. எங்கே போகிறாய் என்று கேட்க ஆள் இல்லை. கால் இரண்டும் பலகையின் மேல் தூங்குகிற பிள்ளைகளைப் போலக் கிடக்கின்றன. சக்கரத்தில் என் கை படுவதுகூட இல்லை. அப்படியே விடிந்துவிடும்.

கால் போனது பிரசவத்தில். எனக்கு அம்மா அப்பா இல்லாததால் தலைப்பிரசவமும் புகுந்த வீட்டிலேயே நடந்தது. கொச்சி எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சிச் சீமையில். பெண் பிள்ளை, நல்லபடியாகப் பிறந்தது. எனக்குத்தான் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இறங்கியபோது இடுப்புக்குக் கீழே இருந்த எதுவும் என்னுடையதாக இல்லை. கிள்ளிப் பார்த்தால் வேறு யாரையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது. "கொஞ்ச நாளைக்குப் புள்ளயோட அண்ணன் ஊட்டுல இருந்துட்டு வரட்டும்" என்று அங்கே சொன்னார்கள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அண்ணன் கல்யாணம் வேண்டாமென்று மாடுகளோடு காலம் தள்ளுகிறவர். அதிகம் பேசமாட்டார். சாமி காரியம் என்றால் மட்டும் வாய் திறப்பார், திறந்தால் மூடமாட்டார். தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றுக்கு வண்டி மாடுகள் கொண்டுபோய்க் கொடுத்து வருவார். ஒரு தடவை வைக்கோலுக்கு நடுவே ஒரு நாற்காலியைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். கப்பலேறிப் போகிற துரை ஒருவர் விட்டுப் போனது, அவருடைய வயதான அம்மா உட்கார்ந்தது. பிரம்பு முதுகு, பக்கத்துக்கு ஒரு பெரிய சக்கரம், பின்னால் ஒரு குட்டிச் சக்கரம், காலுக்குக் கீழே ஒரு பலகை.

வருகிற வழியில் கொச்சி எல்லைச் சாவடியில் அதைப் பார்த்த சேவகருக்கு ஒன்றும் புரியவில்லையாம். "இது கசேரயோ வண்டியோ?" நாற்காலியா வண்டியா என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார். அண்ணன் சக்கரத்தைத் தொட்டுக் காட்டி, "வண்டிங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அன்றிலிருந்து அவருக்கு அது வண்டிதான்.

துரையம்மா நல்ல உயரம் போலிருக்கிறது. பலகை எங்கேயோ பாதாளத்தில் இருந்தது. என் கால் எட்டாமல் தொங்கி, ஆடி ஆடி, பலகை விளிம்பில் இடித்து ரத்தம் வந்ததுகூட எனக்குத் தெரியவில்லை, அண்ணன்தான் பார்த்தார். பலகையைத் தாங்கும் இரும்புப் பட்டைகளில் வரிசையாகத் துளைகள் இருந்தன. காது வைத்த திருகாணியைக் கழற்றி, பலகையை ஏற்றி, வேறு துளையில் முடுக்கிக்கொள்ளலாம். ஆனால் ஆக மேலே இருந்த துளைகூட எனக்கு எட்டவில்லை. கொல்லரிடம் கொண்டுபோய் இன்னும் மேலே துளை போட்டு வாங்கி வந்தார். கால் பதிந்து நான் உட்கார்ந்த அன்று, எனக்கும் முழங்கால் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. புடவை நேராக விழுந்தது. கண்ணாடி கொண்டு வரச் சொன்னேன்.

பிள்ளைக்கு நடை வந்ததும் அந்தப் பலகை அவளுடையதாகிவிட்டது. நான் என் கால்களைக் கையால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பலகையில் வைக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு இரண்டுக்கும் நடுவில் ஏறி, என் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு, "ஓய்" என்பாள். மாடு ஓட்டுகிற மாமனைப் பார்த்துப் படித்தது. நான்தான் மாடு. வாசலைச் சுற்றி, மாட்டுக் கட்டுத்தரை வழியாக, கிணற்று மேடு வரைக்கும் உருட்டுவேன். பால் காய்கிற வாசனை, சக்கரம் மண்ணை அரைக்கிற சத்தம், வெயிலில் நீண்டு கிடக்கும் பனை நிழல், அதைத் தாண்டும்போது ஒரு நொடி குளிர்ச்சி. தூக்கம் வந்து பிள்ளை தலையை மடியில் சாய்த்துவிடுவாள். அந்த நாட்கள் நகர்ந்தனவா நின்றனவா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கால் இருந்தபோது நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

நவராத்திரிக்குச் சற்று முன்னால் என் கணவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. விஜயதசமிக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை, முந்தின நாளே வந்து தங்கி, அன்றைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிறோம் என்று. பிள்ளையை மட்டும். மாமியார் ஒரு கேள்வியும் சொல்லி அனுப்பியிருந்தார். "புள்ள கெணத்துப் பக்கம் ஓடுனா உன்னால எந்திரிச்சு ஓட முடியுமா?"

மாமியார் கெட்டவர் இல்லை, நினைத்ததை நேரே கேட்கிறவர், அவ்வளவுதான். கெட்டவராக இருந்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன். அன்று பூராவும் பிள்ளையைக் கீழே விடாமல் வைத்திருந்தேன்.

அழுது பிரயோசனமில்லை என்று பிறகு தோன்றியது. அவர்கள் வரும்போது நான் கட்டிலில் கிடக்கக் கூடாது. பிள்ளையைப் பலகையில் ஏற்றிக்கொண்டு, வண்டி வந்து நிற்கிற இடத்துக்கு நானே எதிரே போய் "வாங்க" என்று கேட்க வேண்டும். கிணற்று மேட்டுக்கு நான் எவ்வளவு வேகமாகப் போகிறேன் என்று அவர்களே கண்ணால் பார்க்கட்டும். கை தோல் உரியுமளவு ஒத்திகைகூடப் பார்த்தேன்.

ஆயுத பூசை அன்று காலையில் ஒத்தாசைக்கு வருகிற அக்கா எனக்குத் தலைக்கு ஊற்றி, வாசலோரக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுப் போனார். பார்த்தால் நாற்காலியைக் காணோம்.

"அண்ணா, என்ற நாற்காலி எங்கீங்க?"

"கழுவி வெச்சிருக்கறேன் அம்மிணி. பூசைக்கு."

"அதுக்கு எதுக்குங்க பூசை?"

"வண்டிக்குப் பூசை போடாம உட்டா குத்தமல்ல? சாவடியில நானே வாய் தொறந்து வண்டின்னு சொல்லியிருக்கறேன்."

"பூசையில வெச்சா நாளைக்குக் காலம்பர வரைக்கும் எடுக்கக் கூடாதுங்களே. அவியெல்லாம் இன்னைக்கு வராங்க. நான் எதுலீங்க போறது?"

அண்ணன் நிஜமாகவே யோசித்தார். பிறகு கனிவாகச் சொன்னார். "மாடே இன்னைக்கு ஓய்வா நிக்குது. நீயும் ஒரு நாளைக்குச் சித்தெ ஓய்வா இரு சாமி."

ஓய்வாம். எனக்கு வந்த கோபத்துக்கு, எழுந்திருக்க முடிந்திருந்தால் அவரை என்ன செய்திருப்பேனோ. எழுந்திருக்க முடியாது என்பதுதான் விஷயமே. எதிரே வண்டிக் கொட்டகையில் கலப்பைக்கும் பால் பாத்திரங்களுக்கும் நடுவே என் நாற்காலி மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது. கால் படுகிற இடம், சாமி கோவித்துக்கொள்ளக் கூடாது என்று பலகைக்கு மட்டும் கூடுதலாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தார். முன்னால் குத்துவிளக்கு.

அவர்கள் வந்து இறங்கினார்கள், கணவரும் மாமியாரும். நான் கட்டிலிலிருந்தே "வாங்க" என்றேன். அண்ணன் அவர்களுடைய வண்டியையும் விடவில்லை. "நல்ல நாளுங்க, நம்ம வண்டியோட வண்டியா வெச்சரலாங்க" என்று கழுவிப் பொட்டு வைத்துக் கொட்டகையில் சேர்த்துவிட்டார். பூசைக்கென்று கேட்டால் வேண்டாம் என்று யார் சொல்வது. சூடம் காட்டியாகிவிட்டது. இனி விடியும்வரை அவர்களும் எங்கும் போக முடியாது, நானும் போக முடியாது.

பொரி தின்றுகொண்டு வாசலில் உட்கார்ந்தோம். என் கணவர் கட்டில் காலைப் பார்த்துப் பேசினார், என் காலைப் பார்க்கவில்லை.

"நான் நல்லா உருட்டுவனுங்க அத்தை. நாற்காலி இருந்தாக் காட்டியிருப்பனுங்க" என்றேன்.

"அதுதான் பூசையில இருக்குதே கண்ணு" என்றார் மாமியார். கேலியா என்று தெரியவில்லை.

அப்போதுதான் பிள்ளையைக் காணோம் என்று தெரிந்தது. எல்லோர் கண்ணும் கிணற்று மேட்டுக்குப் போயிற்று. என் கணவர் ஓடினார். அங்கே அவள் இல்லை. கொட்டகைக்குள்ளிருந்து "ஓய்" என்று சத்தம் வந்தது.

சந்தனப் பலகையின் மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்று, காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மாடு ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பூசைப் பொருளின் மேல் கால். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. என் கணவர் போய் அவளைத் தூக்கப் பார்த்தார். அவள் பிரம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீரிட்டாள். நாற்காலியின் பின்சக்கரம் மண்ணிலிருந்து எழும்பியது. ஆள் உட்காராத நாற்காலியில் பலகைமேல் பாரம் ஏறினால் அது முன்னால் குடை சாயும் என்பது எனக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும். முன்னால் விளக்கு எரிகிறது.

"இழுக்காதீங்க, கவுந்துரும். அண்ணா, பொறத்தால புடிங்க" என்று கத்தினேன். அண்ணன் பூசையை மறந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் கையை எடுத்துவிட்டார். பிள்ளை யாரிடமும் வரவில்லை.

நான் கட்டிலிலிருந்து விழுந்தேன் என்று அண்ணன் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். விழவில்லை, இறங்கினேன். கையை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு வாசல் மண்ணில் போனேன். எது அவர்கள் கண்ணில் படவே கூடாது என்று அந்த நாற்காலிக்காகத் தவித்தேனோ அது பட்டது. புடவை மண்ணாயிற்று. கால்கள் பின்னால் தம் பாட்டுக்கு வந்தன. பொழுது சாய்கிற மஞ்சள் வெளிச்சத்தில் புழுதி எழுந்து நின்றது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தண்ணீருக்கு அடியில் நிற்பவர்களாகத் தெரிந்தார்கள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. என் மூச்சுகூட வேறு யாருடையதோ மாதிரி தூரத்தில் கேட்டது. அவமானமாக இருந்தது, ஆனால் நிற்க நேரமில்லை.

நான் பலகைக்குக் கீழே போய்ச் சேர்ந்து, கால் பலகைப் பக்கம் வரும்படி திரும்பி உட்கார்ந்ததும் பிள்ளை அழுகையை நிறுத்தினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பலகையின் ஓரத்துக்கு நகர்ந்து குந்தினாள். குனிந்து, என் வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சுப் பிடித்துத் தூக்கினாள். மண்ணும் சந்தனமுமாக அதைப் பலகையின் மேல் இழுத்து வைத்தாள். வைத்துவிட்டு இன்னொரு காலுக்குக் கை நீட்டினாள். அது எட்டவில்லை. "காலு, காலு" என்று மாமியாரைப் பார்த்துச் சொன்னாள்.

மாமியார் வந்தார். புடவையைச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். என் இடது காலைக் கையில் எடுத்தார்.

"வேண்டாமுங்க அத்தை, காலுங்க" என்றேன்.

"தெரியுது. சும்மா இரு" என்று சொல்லி, தூக்கிப் பலகையில் வைத்தார்.

பிள்ளை எழுந்து இரண்டு காலுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தானாகவே இறங்கினாள். அண்ணன் ஒன்றும் பேசாமல் மறுபடி சந்தனம் குழைத்து, மறுபடி சூடம் ஏற்றினார்.

விடிந்ததும் மாடு பூட்டினார்கள். என் கணவர் முதலில் ஏறி உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாமியார் நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவனுக்கு வேற எடத்துல பொண்ணுப் பாக்கறோம் கண்ணு. அத உங்கிட்ட மறைக்கலை. புள்ளய இனிக் கேக்க மாட்டோம். அது உன்ற புள்ள."

நான் தலையாட்டினேன். வண்டி பனைகளைத் தாண்டும்வரை அழுகையைப் பிடித்து வைத்திருந்துவிட்டு, பிறகு பிள்ளை பயந்து முகத்தைப் பார்க்குமளவுக்கு அழுதேன். யாருக்காக அழுகிறாய் என்று அண்ணன் கேட்டார். அவருக்காகத்தான் என்றேன், பொய் சொல்ல எனக்கென்ன வந்தது. ஒரு தடவைகூட அந்த மனுஷர் என் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்பது எனக்கு உறைக்க மத்தியானம் ஆயிற்று. அதற்கும் ஒரு பாட்டம் அழுதேன்.