மரவாழைக்கு விழுந்த வெயில்

வெட்டிய பலாக்கிளையில் ஒழுகும் பாலின் வாசனை எனக்கு இன்றைக்கும் கோபத்தின் வாசனைதான். மலைமேல் திருப்புலி நாட்டில் எங்கள் மிளகுத் தோட்டத்தில் ஆனி மழைக்கு முன்னால் "கவாத்து" நடக்கும். அப்பா அரிவாளோடு மரமேறி, கொடிகளுக்கு வெளிச்சம் இறங்கும்படி கிளைகளைக் கழித்துத் தள்ளுவார். கிணற்றோரப் பலாவின் முதல் கவட்டையில் ஒரு "மரவாழை" ஒட்டியிருந்தது. மண்ணையே தொடாமல், மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு காற்றில் வேர்விட்டு வாழும் அந்தக் காட்டுச் செடியை, எட்டு வயதில் என்னுடையது என்று அறிவித்துவிட்டேன். அந்தச் செடியால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லாததால் வீட்டில் ஒருவரும் பங்குக்கு வரவில்லை.

வெயில் பட்டால் அது செத்துப்போகும் என்பது நானாகச் செய்துகொண்ட முடிவு. "இந்த மரத்த மட்டும் விட்டுருங்கப்பா" என்று நான் அழுத அழுகையில், அப்பா மூன்று வருடம் அந்த மரத்தில் அரிவாள் வைக்கவில்லை. மரவாழை கரும்பச்சையாய்க் கொழுத்து இலை விட்டது, பூக்கத்தான் இல்லை. சித்திரைக்குச் சித்திரை மொட்டுத் தேடி ஏமாந்தேன். அதே மரத்து மிளகுக்கொடியும் வெறும் இலையாய்த் தழைத்து நின்றது. "பொத்திப் பொத்தி வளத்தா புள்ளயும் உருப்படாது, கொடியும் காய்க்காது" என்று அம்மா கொடியைப் பார்த்துச் சொன்னது எனக்குத்தான் என்று தெரியும்.

ஆறாம் வகுப்புக்கு என்னை மலையடிவாரத்தில், காரவள்ளிக்குக் கீழே ஒரு ஹாஸ்டலில் சேர்த்தார்கள். முதல் லீவுக்கு வந்து பார்த்தால் பலாமரம் மொட்டையாக நின்றது. மரவாழையின் இலைகள் வெளுத்து, ஓரம் கருகிக் கிடந்தன. பொங்கல் வரைக்கும் அப்பாவோடு நான் பேசவில்லை.

அந்த வெளுத்த செடிதான் அடுத்த சித்திரையில் இரண்டு கொத்துப் பூத்தது. மஞ்சளில் பழுப்புக் கோடுகள், நடுவே ஊதா நாக்கு. தேனீக்கள் வந்தன, நாலு பூக்கள் விரல் நீளக் காயாகி, பல மாதம் கழித்து வெடித்தபோது விதை மாவாய்ப் பறந்தது. அதைப் பூக்கவிடாமல் வைத்திருந்தது நான்தான் என்று தெரிந்து வெட்கமாக இருந்தது, ஆனால் அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒருநாள் மெல்லச் சொன்னேன். "மொளகுக்குத்தான் கண்ணு வெட்டுனேன். பூவ யாரு பாத்தா?" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

இந்தச் சித்திரையில் போயிருந்தேன். பக்கத்துத் தோட்டத்து மரங்களையெல்லாம் வெட்டிச் சுற்றுலா விடுதி கட்டிவிட்டார்கள். கிணற்றோரத்தில் இப்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில். மரவாழை முன்னெப்போதையும்விட அதிகமாகப் பூத்திருக்கிறது. ஆனால் தேனீக்களைக் காணோம், சில வருடமாக ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. இலைகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. மிளகுக்கொடி எப்போதோ காய்ந்து, அதன் தடம் மட்டும் பட்டையில் இருக்கிறது.

கவட்டைக்கு மேலே இரண்டு கிளைகளுக்கு நடுவில் ஒரு பழைய வேட்டி பந்தலாகக் கட்டியிருந்தது. எழுபது தாண்டிய மனிதர் ஏறியிருக்கிறார்.

"இது எதுக்குங்கப்பா?" என்று கேட்டேன்.

"மொளகுக்குத்தான் கண்ணு" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.